இந்த மாதக் கதை எது?

(அனுப்பம்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு பெரிய எழுத்தாளரை எடுத்துக்கொண்டு அவர் பெருமையை ஒரு மணி நேரம் விரித்துப் பேசுவது வழக்கம். இன்று நான் வாசகரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை வாசகர். இந்த மாதம் என்ன கதை வந்தது, எந்தப் புத்தகம் வெளியானது, யார் புதிதாக எழுத வந்திருக்கிறார்கள் என்று விடாமல் கவனித்து வருகிறவர். கவனித்ததை நாலு பேருக்குச் சொல்கிறவர். தமிழ்ச் சிறுகதை இன்றைக்கும் உயிரோடு இருப்பதில் அவருடைய பங்கு எழுத்தாளரின் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது என் கட்சி. அவர் செய்யும் வேலையை இந்த ஊரிலிருந்தே செய்யலாம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மேடையைவிட்டு இறங்கப் போகிறேன்.

விருது ஒரு தாமதச் செய்தி

அக்டோபரில் நோபல். டிசம்பர் வாக்கில் சாகித்திய அகாதெமி. பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி. மே மாதத்தில் சர்வதேச புக்கர். ஆண்டில் இந்த நான்கு சமயங்களில் செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் இலக்கியம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. மற்ற நாட்களில் இலக்கியச் செய்தி என்று நம் கைப்பேசிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சச்சரவு. யார் யாரைத் திட்டினார், யார் யாருடைய விழாவுக்குப் போகவில்லை என்ற கணக்கு. இவற்றை ஒன்றுவிடாமல் தெரிந்து வைத்திருப்பவரிடம், சென்ற மாதம் வந்த கதைகளில் எது உங்களுக்குப் பிடித்தது என்று கேட்டால் பதில் வராது. எழுத்தாளர்களைப் பற்றித் தெரியும், எழுத்து தெரியாது.

விருதுகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஒரு விருது வந்தால் அச்சில் இல்லாத புத்தகம் மறுபதிப்பு காண்கிறது, மற்ற மொழிகளுக்குப் போகிறது. ஆனால் விருது எப்போதும் பிந்தி வருகிறது. கு. அழகிரிசாமி 1970 ஜூலையில் மறைந்தார். 'அன்பளிப்பு' சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது அதே 1970ஆம் ஆண்டுக்கானது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 1987இல் சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இறந்த ஆதவனுக்கு, 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்காக அந்த ஆண்டின் விருது. 1998இல் காலமான சி.சு. செல்லப்பாவுக்கு 2001இல் விருது. அம்பையின் முதல் சிறுகதைத் தொகுப்பான 'சிறகுகள் முறியும்' வந்தது 1976இல். அகாதெமி அவரைக் கண்டுகொண்டது 2021இல். இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள். புதுமைப்பித்தன் 1948இல் இறந்தபோது அகாதெமியே பிறக்கவில்லை. மௌனி, ந. பிச்சமூர்த்தி, சுந்தர ராமசாமி ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லாமலே போய்விட்டார்கள்.

உலக அளவிலும் இதுதான் நிலை. 2025ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசு கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்குக்கும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கும் கிடைத்தது. பரிசுபெற்ற 'ஹார்ட் லாம்ப்' பன்னிரண்டு சிறுகதைகள் அடங்கிய புத்தகம். சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் கதைகள் 1990 தொடங்கி 2023 வரை எழுதப்பட்டவை. பெருமாள்முருகனின் 'பூக்குழி' தமிழில் வந்தது 2013இல். சர்வதேச புக்கரின் நெடும்பட்டியலில் அது இடம்பெற்றது 2023இல். லண்டனுக்குச் செய்தி போய்ச் சேரப் பத்தாண்டு, முப்பதாண்டு ஆகிறது. அந்தக் கதைகள் வந்த காலத்திலேயே தம் மொழியில் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்ன வாசகருக்கு அது அன்றைக்கே செய்தி. அப்படிப்பட்ட வாசகர் ஒருவர்கூட இல்லாத கதை எந்த லண்டனுக்கும் போகாது.

மாதம் ஒன்று, ஆண்டுக்குப் பன்னிரண்டு

தமிழில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்து காட்டிய அமைப்பு 'இலக்கியச் சிந்தனை'. 1970இல் ப. லட்சுமணனும் அவருடைய சகோதரர் ப. சிதம்பரமும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. சிதம்பரத்தைப் பின்னாளைய நிதியமைச்சராக நாடறியும். லட்சுமணன் இந்த அமைப்பையே தம் பணியாக எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நடத்தினார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஆழ்வார்பேட்டை சீனிவாச காந்தி நிலையத்தில் கூட்டம். வருகிறவர்கள் பெரிய கூட்டமாக இருக்க வேண்டும் என்ற கவலை அதற்கு இருந்ததில்லை.

அதன் நடைமுறை மிக எளிது. அந்த மாதம் தமிழ் இதழ்களில் வந்த கதைகளை ஒருவர் படிப்பார். வார இதழ், மாத இதழ், சிற்றிதழ் என்ற பேதம் இல்லை. படித்து ஒரு கதையை அந்த மாதத்தின் சிறந்த கதையாகத் தேர்ந்தெடுப்பார். ஏன் அந்தக் கதை என்று கூட்டத்தில் சொல்வார். அடுத்த மாதம் வேறொருவர். ஆண்டு முடிந்ததும் சேர்ந்த பன்னிரண்டு கதைகளையும் இலக்கியமறிந்த ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் அவற்றில் ஒன்றை அந்த ஆண்டின் சிறந்த கதையாகத் தேர்ந்து, பன்னிரண்டையும் பற்றித் தம் கருத்தை எழுதுவார். பன்னிரண்டு கதைகளும் ஒரு புத்தகமாக வரும். ஆண்டின் சிறந்த கதையின் தலைப்பே புத்தகத்துக்கும் பெயர்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு வார இதழில் ஏழாம் பக்கத்தில் சமையல் குறிப்புக்கும் சினிமாச் செய்திக்கும் நடுவே வந்த கதை, பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் நூலக அலமாரிக்குப் போனது. சிற்றிதழ் வாசகர் தாம் திரும்பியும் பார்க்காத வார இதழில் நல்ல கதை வந்திருப்பதை அறிந்தார். வார இதழ் வாசகருக்குச் சிற்றிதழின் பெயர் தெரியவந்தது. பெயர் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியரோ அஞ்சலக ஊழியரோ எழுதிய முதல் கதை, அதே மாதம் எழுதிய பிரபலத்தின் கதையோடு ஒரே தட்டில் நிறுக்கப்பட்டது. பரிசுத் தொகை அதிகமில்லை. ஆனாலும் அந்தத் தேர்வு தம் கதைக்குக் கிடைத்ததைத் தம்மைப் பற்றிய குறிப்பில் இன்றுவரை எழுதிக்கொள்கிற எழுத்தாளர்கள் பலர். தம் கதையை யாரோ ஒருவர் முகம் பார்க்காமல் படித்தார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதே வேலையை எட்வர்ட் ஓப்ரையன் என்பவர் 1915இலேயே தொடங்கிவிட்டார். ஆண்டு முழுவதும் இதழ்களில் வரும் சிறுகதைகளைத் தாமே படித்து, சிறந்தவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் புத்தகமாக்கினார். 1941இல் இறக்கும்வரை அவர் அதை நிறுத்தவில்லை. அந்த வரிசை இன்றும் வெளிவருகிறது. 1923ஆம் ஆண்டுத் தொகுதியில், எந்த இதழும் வெளியிடாத ஒரு கதையைத் தம் விதியைத் தாமே மீறிச் சேர்த்தார். எழுதியவர் அப்போது யாருக்கும் தெரியாத இளைஞர். அந்தத் தொகுதியை அவருக்கே காணிக்கையும் ஆக்கினார், பெயரை மட்டும் பிழையாக அச்சிட்டுவிட்டார். அந்த இளைஞர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1954இல். ஓப்ரையனுக்கு அந்தச் செய்தி முப்பத்தோரு ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதழைச் சுமந்தவர்கள்

தமிழ்ச் சிறுகதையின் வரலாறே இதழ்களின் வரலாறுதான். 1933இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் 'மணிக்கொடி'யைத் தொடங்கியபோது அது அரசியலும் இலக்கியமும் கலந்த வார இதழ். 1935இல் பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைகளுக்கான இதழாக மாற்றினார். புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் மௌனியும் அதில் எழுதினார்கள். சில ஆண்டுகளில் நின்றுவிட்ட அந்த இதழைப் பற்றி நாம் இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம், ராமையாவே பின்னால் உட்கார்ந்து 'மணிக்கொடி காலம்' என்று அந்த நாட்களை எழுதி வைத்தது. 1982இல் அகாதெமி விருது அவருக்கு அந்த நினைவுநூலுக்காகத்தான் வந்தது.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1970வரை கைக்காசைப் போட்டு நடத்தினார். புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அதே காலத்தில் க.நா. சுப்ரமண்யம் நல்ல நாவல், நல்ல சிறுகதை என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் பட்டியலைக் கேலி செய்யாதவர் இல்லை. அதைத் தேடிப் பிடித்துப் படிக்காதவரும் இல்லை. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு முக்கியமானது. தேர்ந்த ரசனை உள்ளவர் நல்லது என்று சுட்டிக்காட்டினால் போதும் என்பது க.நா.சு.வின் பக்கம். ஏன் நல்லது என்று கதையைப் பிரித்து அலசிக் காட்ட வேண்டும் என்பது செல்லப்பாவின் பக்கம். நான் இதில் செல்லப்பாவின் கட்சி. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஒரு கதையை ஏற்றுக்கொள்கிற வாசகர், இன்னொரு பெரிய மனிதர் சொன்னால் அதைக் கீழே போட்டுவிடுவார். காரணம் தெரிந்து ஏற்றுக்கொண்டவர் விடமாட்டார்.

1965இல் டெல்லியிலிருந்து கஸ்தூரிரங்கன் 'கணையாழி'யைக் கொண்டுவந்தார். அதைக் கையில் எடுத்ததும் பலர் முதலில் திருப்பியது சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்தை. படித்தது, பார்த்தது, எரிச்சல்பட்டது என எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். கனமான கட்டுரை எழுதித்தான் இலக்கியச் செய்தி சொல்ல வேண்டும் என்பதில்லை என்று அந்தப் பக்கம் காட்டியது.

கடல் கடந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் நிலையம் நடத்திவந்தவர். 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கையின் சாகித்தியப் பரிசு பெற்றவர். 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' இதழுக்கு அந்த முடிதிருத்தும் நிலையமே அலுவலகம். அச்சான இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். அட்டையில் நடிகர் படம் கிடையாது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் சமூகத்துக்கு உழைத்தவர்களும் இருப்பார்கள். போர், இடப்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி 2012வரை அந்த இதழ் வந்தது. இலக்கியச் செய்தி என்பது படித்த கூட்டத்துக்குள் சுற்றிவர வேண்டிய சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஜீவாவின் வாழ்க்கையே பதில்.

வந்த இதழைக் காப்பாற்றியவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் அவர் 1992இல் மறைந்தபின் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தம் வீட்டிலிருந்தே 'ஞானாலயா'வை உருவாக்கினார்கள். புதுமைப்பித்தன் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, தொகுக்கப்படாமல் இதழ்களில் கிடந்த அவருடைய எழுத்துகளை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பழைய இதழைத் தூக்கி எறியாத வாசகர் யாரோ இருந்ததுதான்.

பழவேற்காட்டிலிருந்து லெய்டனுக்கு

இந்த வட்டாரத்துக்கும் புத்தக உலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நம் பழவேற்காட்டிலிருந்து போன ஒரு புத்தகச் செய்தியைச் சொல்கிறேன்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கோட்டையில் 1632 முதல் 1642 வரை பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜெரியஸ். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. இருவருக்கும் பொதுவான மொழி போர்ச்சுக்கீசியம். பத்மநாபன் சமஸ்கிருதத்தில் இருந்த பர்த்ருஹரியின் சதகங்களைப் போர்ச்சுக்கீசியத்தில் விளக்க, ரோஜெரியஸ் டச்சு மொழியில் எழுதிக்கொண்டார். ஊர் திரும்பிய ரோஜெரியஸ் 1649இல் இறந்தார். 1651இல் அவருடைய மனைவியின் முயற்சியால் லெய்டன் நகரில் புத்தகம் வெளிவந்தது. பின்னர் ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் போனது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறியது அந்தப் புத்தகத்தில்தான். அதன் தொடக்கம் இந்த ஏரிக்கரையில் இருவர் உட்கார்ந்து பேசியது.

பெருமைப்படலாம். கூடவே ஒன்றைக் கவனிக்கவும் வேண்டும். அந்தப் புத்தகம் பிராமணர்களின் வாழ்க்கையையும் வழிபாட்டையும் பற்றியது. பர்த்ருஹரியின் மூன்று சதகங்களில் காதலைப் பாடுவது அதில் இடம்பெறவில்லை. மற்ற இரண்டும்தான் போயின. கோட்டைக்கு வெளியே படகு தள்ளிய, வலை முடைந்த, உப்பு அள்ளிய மக்கள் என்ன கதை சொன்னார்கள், என்ன பாடினார்கள் என்பதை ஐரோப்பா கேள்விப்படவில்லை. யார் சொல்கிறார், யார் கேட்டு எழுதுகிறார் என்பதே எது செய்தியாகும் என்பதைத் தீர்மானித்தது. 375 ஆண்டுகளாக அந்த விதி மாறவில்லை. தேர்ந்தெடுக்கிறவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கிருந்து தெரிவதுதான் இலக்கியமாகிறது.

தென்கரை மக்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். மணப்பாட்டுக் கடற்கரை வாழ்க்கை 1977இல் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலாக வந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாவதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. அந்த இதழுக்கென்று வாசகர்கள் இருந்தார்கள். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. அவருடைய 'கொற்கை'க்கு 2013இல் அகாதெமி விருது. நம் ஏரியோ செய்தித்தாளில் வேறு விதமாக வருகிறது. முகத்துவாரம் மண்மூடிவிட்டது என்று வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போவதால் கடலுக்குப் போகக் கூடாது என்று வருகிறது. துறைமுக விரிவாக்கம், பூநாரைகள் வந்தன, படகு கவிழ்ந்தது என்று வருகிறது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்று நீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணின் மனதில் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்பது செய்தித்தாளின் வேலையில்லை. அது சிறுகதையின் வேலை.

அதற்காக நாளைக்கே எல்லோரும் ஏரியைப் பற்றிக் கதை எழுதுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. படிக்காமல் எழுதிய கதைகள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கின்றன. முதலில் படிப்போம்.

நாம் கட்டும் வரி

படிக்க இதழ் எங்கே, காசு எங்கே என்பது நியாயமான கேள்வி. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி இருக்கும். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் வந்தது முதலில் இங்கேதான். அதன் பின்னால் இருந்த உழைப்பு சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனுடையது. அதற்கும் முன்பு 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதனே. சென்னை கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே வந்து சேர வேண்டும். நீங்கள் அனுப்பம்பட்டில் ரயிலேறி ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை.

2006க்குப் பிறகு கிராம மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். அவற்றில் பல பின்னர் பூட்டிக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டடம் அரசு கொடுக்கும், புத்தகமும் கொடுக்கும். இன்ன இதழை வாங்கிப் போடுங்கள், இந்த மாதம் ஏன் வரவில்லை என்று நூலகரை வந்து கேட்கிற வாசகரை அரசு கொடுக்க முடியாது. அப்படிக் கேட்கிறவர்கள் ஐந்து பேர் இருந்தால் நூலகம் பூட்டப்படாது.

ஏரியின் பாடு, வாசிப்பின் பாடு

கடைசியாக என் யோசனை. பழவேற்காட்டுப் பெரியவர்களுக்குப் பாடு முறையை நான் விளக்கினால் சிரிப்பீர்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துவாரத்தை ஒட்டி மீனும் இறாலும் வளமாகப் படும் இடங்கள் சில. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் எந்த நாள், எந்த இடம் யாருடையது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். முறை வந்தவர் போகத்தான் வேண்டும். எத்தனையோ தலைமுறையாக ஏரியையும் ஊரையும் காப்பாற்றி வந்திருக்கும் ஏற்பாடு இது.

வாசிப்புக்கும் ஒரு பாடு வையுங்கள். மாதம் ஒருவர் முறை. முறை வந்தவர் அந்த மாதம் கிளை நூலகத்துக்கு வரும் இதழ்களையும், நீங்கள் பணம் சேர்த்துச் சந்தா கட்டும் இரண்டு இதழ்களையும் முழுக்கப் படிக்க வேண்டும். இருபது கதைகள் தேறும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். அவர் ஒரு கதையைச் சொல்லி, ஏன் என்று காரணம் சொல்லட்டும். பிடித்தது என்றால் போதாது. கதையில் எந்த இடம், என்ன செய்தது என்று காட்ட வேண்டும். மறுப்பவர் மறுக்கட்டும். கதையின் பெயர், எழுதியவர், இதழ், மாதம், தேர்ந்த காரணம், மறுத்தவர் சொன்ன காரணம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். மறுப்பை விட்டுவிடாதீர்கள். பத்தாண்டு கழித்து அதுதான் சரியென்று படலாம். ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டு கதைகளையும் ஒளிநகல் எடுத்துத் தைத்து ஒரு பிரதியைப் பொன்னேரி நூலகத்தில் வையுங்கள். தேர்ந்த கதையின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். இணையத்தில் ஒரு கதை வாங்கிய இருநூறு விருப்பக்குறிக்கும், படித்த காரணத்தைச் சொல்லி அனுப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் எழுதுகிறவருக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏரியின் பாட்டைப் பின்பற்றாதீர்கள். அங்கே யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்ற வழக்கு நெடுநாளாக உண்டு. உரிமை இல்லாதவர்கள் கரையில் நின்று பார்த்த வருத்தமும் உண்டு. பெண்கள் அந்த முறையில் வருவதில்லை. வாசிப்புப் பாட்டில் அந்தக் கணக்கு வேண்டாம். மீன் விற்கும் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்றால் அவருடைய முறையில் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். தேர்வு அம்மாவுடையதாக இருக்கட்டும். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பனையோலைக் கூடை பின்னுபவர், இருளர் குடியிருப்பில் முதலில் பள்ளி முடித்த பையன் என்று முறை சுற்றி வரட்டும். தெலுங்கு பேசுகிற வீடுகளும் இங்கே உண்டு. அவர்களுடைய முறையில் தெலுங்குக் கதை ஒன்றைத் தமிழில் சொல்லட்டும்.

முதல் ஆண்டுத் தேர்வுகள் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. உருக்கமான கதைகளே ஜெயிக்கும். தெரிந்த பெயர்கள் முந்தும். இரண்டாம் ஆண்டில் யாராவது ஒருவர் எழுந்து, இந்தக் கதையில் வரும் மீனவர் ஏன் எப்போதும் குடித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிறார், இவருக்கு வலை பின்னத் தெரியாதா என்று கேட்பார். அன்றைக்குத்தான் இங்கே விமர்சனம் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவரே நாளைக்கு எழுதவும் கூடும். எழுதாவிட்டாலும் குறையில்லை. ஒரு மொழியில் எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர் என்றால் அவர்களை நிறுத்துப் பார்க்கப் பத்தாயிரம் பேர் வேண்டும்.

டிசம்பரில் விருதுப் பட்டியல் வரும்போது அதில் உள்ள ஒரு பெயரைப் பார்த்து, இவருடைய கதையை நாம் நாலு வருஷத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்தோமே என்று உங்கள் பதிவேட்டைப் புரட்டுகிற ஆண்டு வரட்டும். நாம் தேர்ந்தது அங்கே இல்லையே, அவர்கள் எதைப் பார்க்கத் தவறினார்கள் என்று காரணத்தோடு கேட்கிற ஆண்டும் வரட்டும். இரண்டாவது ஆண்டைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

முதல் முறை யாருக்கு என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். நூலகர் இங்கேயே இருக்கிறார். இந்த மாத இதழ்கள் அவரிடம் இருக்கின்றன.